அலுமினியச் சட்டிக்குப் போன காம்பஸ்

பாஸ்கல் காலையில் காப்பியைக் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"சாயங்காலம் வந்து காம்பஸ எடுத்துக்கிட்டுப் போவேன். தூசி தட்டி வையி. நாளைக்கு விடியமுன்ன பாயெடுக்கோம்."

அவன் ஒரு தோணிக்குத் தண்டல். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணி. அதில் ஒன்பது பேருக்கு அவன் தலைவன். தென்காற்று மூர்க்கமாக அடிக்கும் நான்கு மாதம் தோணி கரையேறிக் கிடந்தது. இனி கடல் அடங்கிவிட்டது. இந்தப் பருவத்தின் முதல் ஓட்டம் நாளைக்கு.

அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் அமலோற்பவம் மாதா சிலை வைத்த சுரூபக்கூட்டுக்குக் கீழே இருந்த காம்பஸ் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். தேக்குப் பெட்டி, வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. மூடியைத் திறந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பித்தளைக் கிண்ணத்துக்குள் முப்பத்திரண்டு கோடு போட்ட வட்ட அட்டை தெரிந்தது. பெட்டியை லேசாகத் திருப்பினாள். அட்டையும் பெட்டியோடு திரும்பியது. இன்னொரு தடவை திருப்பினாள். அப்போதும் பெட்டியோடேயே வந்தது.

நல்ல காம்பஸ் அப்படிச் செய்யாது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அட்டை தன் வடக்கை விடாது. அவளுக்கு அது தெரியும். கல்யாணமான புதிதில் பாஸ்கல் அதைக் கையில் கொடுத்து, "ஒன்ன மாதிரி, பிடிச்ச பிடிய விடாது" என்று கேலி செய்திருக்கிறான்.

இது செத்துப்போன காம்பஸ்.

அந்த வீட்டில் இரண்டு காம்பஸ் பெட்டிகள் இருந்தன. ஒன்று இந்தத் தேக்குப் பெட்டி. இன்னொன்று அவள் மாமனாருடையது. உப்புக் காற்றில் கறுத்துப்போய், மூடியில் சிலுவை செதுக்கியிருக்கும், பரணில் கிடந்தது. மாமனார் போனதோடு அவருடைய காம்பஸும் செத்துவிட்டது, முள் அசையாது. ஜூலையில் மாதா திருவிழாவுக்கு வீடு வெள்ளையடித்தபோது, "அப்பன் காம்பஸ் இனி ஆகாது, பித்தளைக்காரன் வந்தா குடுத்துரு" என்று பாஸ்கல்தான் சொன்னான். மறுநாளே அய்யாக்குட்டி அண்ணாச்சி தலைச்சுமையோடு தெருவில் வந்தார். பழைய பித்தளைக்குப் புது அலுமினியம். அமலோற்பவம் கறுத்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தாள். அவர் பேரம் பேசாமல் மூடி போட்ட அலுமினியச் சட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இப்போதுதான் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. மே மாதம் தோணியைக் கரையேற்றிய அன்று பாஸ்கல் இரண்டு பெட்டிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நல்லது நல்ல பெட்டியில கெடக்கட்டும்" என்றான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நல்ல பெட்டி என்றால் புதுப் பெட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். தோணிக்காரனுக்கு அப்படி இல்லை. நாற்பது வருடம் கடலில் ஓடி ஒரு தடவைகூடத் தரை தட்டாத அப்பன் பெட்டிதான் அவனுக்கு நல்ல பெட்டி. உயிருள்ள காம்பஸை அதற்குள் வைத்துவிட்டு, செத்ததைத் தேக்குப் பெட்டியில் போட்டிருக்கிறான்.

அதைத்தான் அவள் சட்டிக்குக் கொடுத்திருக்கிறாள்.

பாஸ்கல் அவள் மேல் கை நீட்டுகிறவன் இல்லை. ஆனால் தோணி அவனுடையது அல்ல. போன வருடம் ஒரு தண்டல் நங்கூரத்தைத் தவறவிட்டான் என்பதற்காக முதலாளி கடற்கரையில் வைத்தே தோணியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார். அந்த மனிதன் இப்போது உப்பளத்தில் கூலிக்குப் போகிறான். காம்பஸ் இல்லாத தண்டலுக்கு முதலாளி என்ன செய்வார் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செத்த காம்பஸைக் கிண்ணத்தோடு கழற்றி அலுமினியச் சட்டிக்குள் போட்டாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவள். ஊரில் அவளுக்குத் தெரியாத கடை இல்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள்.

"ஏளா, சட்டிய எதுக்குச் சொமக்க?"

"திருப்பிக் குடுத்தா தருவாருல்லா, யக்கா."

"தருவாரு, தருவாரு. ஒன்னய பொன்னாடை போத்தி உக்கார வப்பாரு. நட."

அய்யாக்குட்டி அண்ணாச்சியின் கொட்டகைக்கு அவர்கள் போனபோது வில்வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. அன்றைக்கு ஏரல் சந்தை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அவரைப் பிடித்திருக்க முடியாது.

"கறுத்த பெட்டியா?" என்று அவர் வண்டியில் இருந்தபடியே யோசித்தார். "மூடியில சிலுவ போட்டது. ஆமா, வந்துச்சி. பித்தளைய உருவிட்டு மரத்தத் தனியாத்தான் வித்தேன். பெட்டி மந்திரமூர்த்தி கடைக்குப் போச்சி. பித்தளைக் கிண்ணம் தாணுலிங்கம் பட்டறைக்கு. கப்பல் சாமான் எல்லாம் அவருதான் எடுக்காரு."

"அண்ணாச்சி, அது உருகிருக்குமா?"

"நான் என்னத்தக் கண்டேன். குடுத்து ஒண்ணரை மாசமாச்சி." மாட்டைத் தட்டப்போனவர் சட்டியைப் பார்த்தார். "சட்டி எப்படி இருக்கு? அடி பிடிக்கா?"

"அடி பிடிக்கல," என்றாள் அமலோற்பவம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

"பின்ன என்ன. நல்ல சட்டி."

வண்டி போய்விட்டது.

மந்திரமூர்த்தியின் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. உலகச் சண்டை முடிந்து ஒரு வருடமாகிறது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கட்டில், நிலைக்கண்ணாடி, சுவர்க்கடிகாரம், பீங்கான் தட்டு எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வந்து சேர்ந்தன. உள்ளே கால் வைக்க இடமில்லை. சுவரில் ஏழெட்டுக் கடிகாரங்கள் ஓடின. ஒன்று சொன்ன மணியை இன்னொன்று சொல்லவில்லை. ஒன்றில் பத்தரை, ஒன்றில் இரண்டு. அமலோற்பவத்துக்கு அதைப் பார்க்கவே படபடப்பாக இருந்தது.

"தேடுத மாதிரி நிக்காத," என்று ஆறுமுகத்தாய் காதில் சொன்னாள். "சும்மா வேடிக்க பாக்க வந்த மாதிரி பாரு. வேணும்னு தெரிஞ்சா ஒண்ணுக்கு நாலு சொல்லுவான்."

அமலோற்பவம் வேடிக்கை பார்த்தாள். காது உடைந்த பூச்சாடியைத் தொட்டாள். மான்கொம்பை நிமிர்ந்து பார்த்தாள். நிலைக்கண்ணாடியில் இடுப்பில் சட்டியோடு ஒரு பெண் வெளிறிப்போய் நின்றாள். அது தான்தான் என்று புரிய கொஞ்ச நேரமாயிற்று. அந்தக் கண்ணாடிக்குள்தான் பெட்டியையும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்து அந்தக் கறுத்த பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

அல்போன்சா. தோணி முதலாளியின் மனைவி.

"யாரு, நம்ம பாஸ்கல் பொஞ்சாதியா?" என்றாள் அல்போன்சா. "கடைக்குள்ள சட்டியத் தூக்கிட்டு எங்க வந்த?"

"சும்மா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"இது எப்படி இருக்கு, சொல்லு. கோயிலுக்குப் போடுத முக்காட்ட மடிச்சு வைக்க ஒரு பெட்டி தேடிக்கிட்டு இருந்தேன். சிலுவகூட இருக்கு, பாரு. யாரோ பக்தியுள்ளவுக வீட்டுப் பெட்டி."

அமலோற்பவம் மூடியைத்தான் பார்த்தாள். மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் மாமனார் தான் ஓட்டிய தோணியின் பெயரைக் கீறி வைத்திருப்பார். அந்தத் தோணி இப்போது அல்போன்சாவின் வீட்டுத் தோணி. அவள் விரல் கொக்கியில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு தாயி," என்று ஆறுமுகத்தாய் முந்திக்கொண்டாள். நெருங்கிப் போய்ப் பெட்டியை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். "ஆனா செத்த எடத்துப் பெட்டி மாதிரில்லா வாட அடிக்கி."

அல்போன்சா கையை எடுத்தாள்.

"என்ன செத்த எடம்?"

"கடல்ல ஒரு மனுசன் போயிட்டா, அவன் உடுத்துன துணிய இப்படித்தான் ஒரு பெட்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டாருவாக. மூடியில சிலுவ அதுக்குத்தான் போடுதது. எனக்கென்ன தெரியும், நான் கருப்பட்டி விக்கவ. நீங்க முக்காடு வையுங்க."

"ஏளா மூதேவி," என்று உள்ளேயிருந்து மந்திரமூர்த்தி கத்தினார். "எவ சொன்னா ஒனக்கு? அது காம்பஸ்..."

"என்னவோ இருக்கட்டும் மந்திரம்," என்று அல்போன்சா எழுந்துவிட்டாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தாள். "எனக்கு வேண்டாம். அந்தக் கண்ணாடிய மட்டும் வீட்டுக்கு அனுப்பி வையி."

போகும்போது அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குத் தோணி போகுது இல்ல? ஒம் புருசன்கிட்ட சொல்லு, முதல் ஓட்டம், பாத்துப் போகச் சொல்லு."

"சொல்லுதேம்மா."

அவள் போனபிறகு மந்திரமூர்த்தி கொதித்தார். வந்த வியாபாரத்தைக் கெடுத்தவளுக்கே பெட்டி வேண்டும் என்றதும் இன்னும் கொதித்தார். ஆறுமுகத்தாய் அசையவில்லை.

"இனி இத எவன் வாங்குவான், அண்ணாச்சி? முதலாளியம்மா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா சொல்லிருவாக, செத்தவன் பெட்டின்னு. எரிக்கத்தான் ஆகும். நாங்களே எடுத்துக்கிட்டுப் போறோம்."

கடைசியில் இரண்டு சிப்பம் கருப்பட்டிக்குப் பெட்டி கிடைத்தது. தெருவுக்கு வந்ததும் அமலோற்பவம் மூடியைத் திறந்தாள். உள்ளே கிண்ணம் இருந்த இடத்தில் வட்டமாக வெறும் ஓட்டை. தோணியின் பெயர் அப்படியே இருந்தது.

"யக்கா, பொய் சொல்லிட்டோமே."

"நீ எங்க சொன்ன? நீ வாயத் தொறக்கவே இல்லையே. நான்தான் சொன்னேன். எனக்கு ஒங்கள மாதிரி சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் கெடையாது, பேசாம வா."

தாணுலிங்கம் பட்டறை கடற்கரையை ஒட்டி இருந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பட்டாளம் விட்டுப்போன சாமான், உடைந்த கப்பலின் சாமான் எல்லாம் அங்கே மலையாகக் கிடந்தன. ஆள் உயர நங்கூரம் ஒன்று, சுருட்டிய இரும்புச் சங்கிலி, துருப்பிடித்த கொதிகலன். ஒரு மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் மூசையில் பித்தளை உருகியது. அதைப் பார்த்ததும் அமலோற்பவம் முந்திக்கொண்டு காம்பஸைக் கேட்டாள்.

"காம்பஸா?" என்றார் தாணுலிங்கம். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. "இருக்கு. மூணு இருக்கு. நாளைக்குத்தான் உருக்கலாம்னு வச்சிருக்கேன். முழுசா வாங்க ஆளு வந்தா நல்லதுதான்."

நங்கூரத்துக்கு அருகே ஒரு பலகையில் மூன்று கிண்ணங்களையும் வரிசையாக வைத்தார். புளி போட்டுத் துலக்கி மூன்றும் பொன் மாதிரி இருந்தன. மூன்று அட்டைகளும் ஒரே பக்கம் நின்றன.

"பாத்தியா, ஒண்ணு போல நிக்கி. ஒரு பழுதும் கெடையாது."

"மூணும் ஒம்ம நங்கூரத்தயில்லா பாக்கு, அண்ணாச்சி," என்றாள் அமலோற்பவம். அவ்வளவு பேசியதற்கு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் அதைத்தான் வடக்கு என்று சொல்லும். தோணியில் காம்பஸைப் பார்க்கும்போது பாஸ்கல் இடுப்புக் கத்தியைக்கூடக் கழற்றித் தூர வைப்பான்.

தாணுலிங்கம் சிரித்தார். "தண்டல் வீட்டுப் பிள்ளையா? சரி, எதுன்னு நீயே எடு."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாவது கிண்ணத்தில் அட்டையின் வடக்கு முனையில் சிவப்பு மையில் ஒரு சின்னச் சிலுவை. பாஸ்கல் போட்டது. அதன் இடது கை கொஞ்சம் நீளமாக இருக்கும். அதைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது.

"இதுதான்."

கையில் எடுத்தபிறகுதான் கவனித்தாள். அட்டை முன்போல் மட்டமாக இல்லை. ஓரத்தில் தண்ணீர் பட்ட காகிதம் போல நெளிந்திருந்தது.

"அண்ணாச்சி, இந்த அட்டை என்ன இப்படி இருக்கு?"

"துலக்கும்போது உள்ள தண்ணி எறங்கிருச்சி. அட்டை ஊறி, முள்ளவிட்டுக் கழண்டு கையோட வந்துட்டு. நானே வெயில்ல காய வச்சி ஒட்டிட்டேன்." அவர் குரலில் பெருமை இருந்தது. "கஞ்சிப் பசைதான். பாரு, ஒட்டுனதே தெரியாது."

"கழண்ட எடத்துலயே ஒட்டுனியளா?"

"கண்ணுக்கு எது நேரா இருந்துச்சோ அப்படி ஒட்டுனேன். அதுல என்ன இருக்கு? அட்டை வட்டமாத்தான இருக்கு."

 செத்த காம்பஸ், அலுமினியச் சட்டி, முந்தானையில் முடிந்திருந்த ஐந்து ரூபாய், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அதை வாங்கினாள். பட்டறை நிழலில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பெட்டிக்குள் பொருத்தினாள். சரியாகப் பொருந்தியது. மூடினாள். ஜூலையில் அய்யாக்குட்டி தலையில் ஏற்றிப் போன பெட்டி அப்படியே மடியில் இருந்தது.

"முடிஞ்சிது," என்றாள் ஆறுமுகத்தாய். "மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வீட்டுல கொண்டு வச்சிரு. ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்ல."

"அட்டை தள்ளி ஒட்டிருந்தா, யக்கா?"

"அவுக பாத்துக்கிட மாட்டாகளா? தண்டலுக்குத் தெரியாதா?"

"பாக்க மாட்டாக. மே மாசம் சரி பாத்து வச்சது. பெட்டியத் தூக்கித் தோணியில வச்சிருவாக."

ஆறுமுகத்தாய் நின்று திரும்பினாள். "அப்போ என்னத்தச் சொல்லுவ? சட்டிக்குக் குடுத்தேன்னு சொல்லுவியா? ஒம் புருசன் தோணியில இருக்க அந்த மரியான் பய காதுல விழுந்தா ஒனக்குச் சாகுத வரைக்கும் சட்டிக்காரின்னு பேரு. மொதலாளி காதுல விழுந்தா தோணி போச்சி. பேசாம இரு."

அமலோற்பவம் வழியெல்லாம் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒருவேளை சரியாகவே ஒட்டியிருக்கலாம். முப்பத்திரண்டு கோடு, அதில் சரியான ஒன்றில் விழ ஒரு மனிதனுக்கு எத்தனை அதிர்ஷ்டம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். சுவர்க்கடிகாரங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டுக்கு வந்தால் பாஸ்கல் முன்கூட்டியே வந்துவிட்டிருந்தான். தோணியில் வேலை செய்யும் மரியானும் கூட இருந்தான். பெட்டியைத் தூக்கிப் போக வந்தவன்.

"எங்க போயிருந்த?" என்றான் பாஸ்கல். "பெட்டிய வேற காணும்."

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்று வாசலில் இருந்தே ஆறுமுகத்தாய் சொன்னாள். "மாதா கோயில்ல வச்சிக் கும்பிட்டுட்டு வாறோம். முதல் ஓட்டம்லா." இதைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பாஸ்கலின் முகம் மலர்ந்தது. பெட்டியை வாங்கித் திறந்தான். பித்தளை பளபளத்தது.

"துலக்கிருக்கியே. அப்பன் காலத்துலகூட இப்படி இருந்ததில்ல. பாருலே, மரியான்."

"மைனி கை பட்டா எல்லாம் பொன்னுதான்," என்றான் மரியான்.

இதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும். பேசாமல் இருந்தால் போதும். அவன் மூடியைச் சாத்தினான்.

"ஒரு தடவ கரையில வச்சுச் சரி பாத்துருங்களேன்," என்றாள்.

"எத? இதயா?" அவன் சிரித்தான். "நான் பாத்து வச்சது. பெட்டிக்குள்ள ஒறங்கிக் கெடக்குத காம்பஸ் எங்க போவும்?"

"சும்மா ஒரு தடவ."

"மைனிக்குப் பயம்," என்று மரியான் பெட்டியைத் தோளில் ஏற்றினான். "நாங்க போறது கொழும்பு. ஒறங்கிக்கிட்டே போயிருவோம், மைனி."

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். நாலு எட்டு வைத்தார்கள். ஐந்து. தெருமுனை வரைக்கும் போக விட்டுவிட்டால் பிறகு அவள் கூப்பிடவே மாட்டாள். அது அவளுக்குத் தெரிந்தது.

"அது ஒறங்கல," என்றாள்.

பாஸ்கல் திரும்பினான்.

"அது ஒறங்கிக் கெடக்கல. ஒண்ணரை மாசம் கடையில கெடந்துச்சி. நான்தான் அய்யாக்குட்டி அண்ணாச்சிகிட்டக் குடுத்தேன். செத்ததுன்னு நெனச்சிக் குடுத்தேன். சட்டிக்கு."

மரியான் தோளில் இருந்த பெட்டியைக் கீழே இறக்கினான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான், முடியவில்லை. "சட்டிக்கா? எந்தச் சட்டிக்கு, மைனி? சோறு வடிக்கிற சட்டிக்கா? அந்தோணியாரே, தண்டல் பொஞ்சாதி காம்பஸக் குடுத்து..."

"வாய மூடுலே," என்றான் பாஸ்கல். குரல் உயரவில்லை. அவளைத்தான் பார்த்தான். "எவன் தொறந்தான் அத?"

"தாணுலிங்கம் அண்ணாச்சி. அட்டை ஊறிக் கழண்டுருக்கு. அவரு கண்ணுக்கு நேரா ஒட்டிருக்காரு."

அவன் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் பின்னாலேயே போனாள்.

தோணிகள் கட்டும் இடத்தைத் தாண்டி, இரும்பு எதுவும் இல்லாத வெறும் மணலில் அவன் உட்கார்ந்தான். இடுப்புக் கத்தியைக் கழற்றி மரியானிடம் கொடுத்து, "தூரப் போ" என்றான். பெட்டியை மட்டமாக வைத்தான். அங்கிருந்து முயல் தீவு வெளிச்சவீடு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு தண்டலுக்கும் மனப்பாடம். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அட்டை ஆடி அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தான். பெட்டியைத் திருப்பி வைத்து மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"ஒரு கோடு," என்றான்.

தூரத்தில் நின்ற மரியான், "என்ன தண்டலே?" என்று கேட்டான்.

"முழுசா ஒரு கோடு தள்ளி நிக்கி. இதப் பாத்து ஓட்டிருந்தா கொழும்பு வாராது. வடக்க தள்ளி, சிலாபத்துப் பாறக்கல்லுலதான் போயி ஏறிருப்போம். அதுவும் இருட்டுல."

மரியான் பிறகு சிரிக்கவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்து நின்றான். அவனுக்கு ஏழு மாதத்தில் ஒரு குழந்தை இருந்தது.

பாஸ்கல் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான். "என்ன பசை?"

"கஞ்சிப் பசை."

"கஞ்சிதானா? மரம் ஒட்டுத வச்சிரம் இல்லையே?"

"இல்ல. கஞ்சின்னுதான் சொன்னாரு."

"அப்போ கடக்காத்துல எளகும். இன்னைக்கு ஒரு கோடு, நாளைக்கு ரெண்டு கோடு." கண்ணாடிக்கு மேல் குனிந்தான். "முள்ளு வளைஞ்சிருக்கா? கழண்டப்ப கீழ விழுந்துச்சாமா?"

"கேக்கல." அதைக் கேட்காமல் வந்ததற்கு அவள் தன்னையே வெறுத்தாள். "கையோட வந்துட்டுன்னாரு. விழுந்துச்சின்னு சொல்லல."

"மரியான், தோணி கட்டுத எடத்துல ஆசாரிகிட்டப் போயி வச்சிரம் கேளு. சூடா வாங்கிட்டு வா. எதுக்குன்னு கேட்டா பாய்மரத்துக்குன்னு சொல்லு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறந்தா நாக்க அறுத்துருவேன்."

"நான் ஏன் தண்டலே சொல்லுதேன்," என்று மரியான் ஓடினான்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கூடவே நாளை கிளம்பவேண்டிய தோணிகளில் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றும் சத்தம் வந்தது. பாஸ்கல் கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்தான். நகத்தால் அட்டையின் ஓரத்தை மெல்ல மெல்லத் தூக்கினான். ஈரம் வாங்கியிருந்த பசை நூலாக இழுத்துக்கொண்டு விட்டது. கீழே முள் ஒரு நடுக்கம் நடுங்கி வடக்கில் போய் நின்றது. வளையவில்லை. அவன் மூச்சு விட்டதை அவள் கேட்டாள்.

ஓலைக் கொட்டானில் ஆவி பறக்க வச்சிரம் வந்தது. அவன் ஈர்க்கால் தொட்டு முள்ளின் மேல் பொட்டுப் பொட்டாக வைத்தான். அட்டையை மேலே வைத்து, தலையைச் சாய்த்து வெளிச்சவீட்டைப் பார்த்து, ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் நகர்த்தினான். அவனுடைய விரல்கள் தடித்தவை. கயிறு இழுத்துக் காய்த்துப் போனவை. இரண்டு தடவை அட்டை நழுவியது. மூன்றாவது தடவை, கடற்கரைக்கு வந்தபிறகு முதல் முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அது இன்றைக்குத் தீராது என்பதும் தெரிந்தது.

"ஒன் வெரலக் கொண்டா. இங்கன. நடுவுல. அமுக்காத, சும்மா தொட்டுக்கிட்டு இரு."

அவள் மண்டியிட்டு ஆள்காட்டி விரலை அட்டையின் நடுவில் வைத்தாள்.

"வளையல்?"

"கண்ணாடி."

"சரி. ஒட்டுத வரைக்கும் எடுக்கக் கூடாது. மூச்சுகூட அதுமேல விடாத."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடற்காற்று முந்தானையை இழுத்தது. மரியான் வந்து காற்று வரும் பக்கத்தில் மறைத்து உட்கார்ந்தான். பாஸ்கல் கண்ணை வெளிச்சவீட்டை விட்டு எடுக்கவில்லை. கை மரத்துப்போய் தோள் வரைக்கும் வலி ஏறியது. விரலுக்குக் கீழே சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறி, பசை இறுகத் தொடங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை.